டே ஸ்காலர்

என் தாய்மாமனை நான் மன்னிக்கவில்லை. அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. அவர் படத்துக்கு மாலை போடுவது என் மனைவி. நான் அந்தப் பக்கம் திரும்புவதுகூட இல்லை. பெண்ணைக் கொடுத்த மாமனாரை இப்படிப் பேசலாமா என்று கேட்பவர்கள், அவர் கொடுத்த விதத்தையும் கேட்டுவிட்டுப் பேசட்டும்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். அம்பத்தூரில் ஏரித் தண்ணீரை நம்பி நெல் போட்டுக்கொண்டிருந்த குடும்பம் எங்களுடையது. அதில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். நல்ல மார்க்கு. அடுத்தது காலேஜ் என்றதும் வீட்டில் எல்லோரும் முழித்தார்கள். நான் முழிக்கவில்லை. பட்டணத்தில் எனக்குத் தெரிந்து மூன்று காலேஜ்கள். ஒன்றில் படிப்பு, படிப்பு, படிப்புதான். அங்கே படித்த பையன்கள் சிரிப்பதற்கும் அனுமதி கேட்பார்கள் போலிருந்தது. இன்னொன்றில் டென்னிஸும் நாடகமும் அமர்க்களப்படும். பரீட்சை வந்தால் பாதிப் பேர் தேறமாட்டார்கள். மூன்றாவதில் இரண்டும் இருந்தன.

அதை நான் கண்ணாலேயே பார்த்திருந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பேச்சுப் போட்டிக்கு எங்களை அங்கே கூட்டிப்போயிருந்தார்கள். விளக்குப் போட்ட மண்டபத்தில் ஒருவன் சர்க்காரைக் கிழி கிழி என்று கிழித்தான். இன்னொருவன் எழுந்து அவனைக் கிழித்தான். மேடையைவிட்டு இறங்கியதும் இரண்டு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு காப்பி குடிக்கப் போனார்கள். வகுப்பிலும் முதலில் நிற்கிறவர்கள் இவர்கள்தான் என்றார் எங்கள் வாத்தியார். எதிர்த்துப் பேசினால் முதுகில் விழுகிற வீட்டில் வளர்ந்தவன் நான். படித்தால் இங்கேதான் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

ஒரே ஒரு சிக்கல். விவாதம், நாடகம், விருந்து எல்லாமே அங்கே சாயங்காலத்துக்கு மேல்தான். ஹாஸ்டலில் தங்குகிறவனுக்குத்தான் அதெல்லாம். ரயிலேறி ஊர் திரும்புகிறவனுக்குப் பகல் பாடத்தோடு சரி. அப்பாவைச் சம்மதிக்க வைக்க நான் பட்டினி கிடந்தேன், அம்மாவை அழவிட்டேன். கடைசியில் "சரி, அங்கியே தங்கிப் படிச்சித் தொல" என்றார். அந்த வார்த்தையை வாங்கியபோது எனக்கு வந்த சந்தோஷம் பிறகு எதற்குமே வரவில்லை.

காலேஜில் சேர்க்கப் போனபோது மாமாவும் கூட வந்தார். அம்மாவின் தம்பி. ஆவடியில் குடியிருந்தார், பட்டணத்தில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தா. இங்கிலீஷ் தெரிந்த திமிர் அவர் நடையிலேயே தெரியும். அவருக்கு ஒரே பெண். எனக்கு மீசை அரும்புவதற்கு முன்பிருந்தே என்னை "மாப்ளே" என்றுதான் கூப்பிடுவார். விளையாட்டு என்று நினைத்திருந்தேன்.

பிரின்ஸிபால் துரை என் மார்க்கைப் பார்த்தார், இரண்டொரு கேள்வி கேட்டார், தலையாட்டினார். இடம் கிடைத்துவிட்டது. பிறகு இங்கிலீஷில், போர்டரா, டே ஸ்காலரா என்று கேட்டார். ஹாஸ்டலா, வீட்டிலிருந்து வந்து போகிறவனா என்று அர்த்தம். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா கொதித்துவிட்டார்.

"போர்ட்டரா? ரயில் டேசன்ல மூட்டை தூக்கவா புள்ளைய இட்டாந்தேன்? ஸ்காலர் தொரே, ஸ்காலர்!"

அப்பாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான். எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு வந்த ஒரு பெரியவரை, தலைமையாசிரியர் "பெரிய ஸ்காலர்" என்று மூச்சுக்கு மூச்சு சொல்லி மாலை போட்டார். அன்றிலிருந்து அப்பாவுக்கு ஸ்காலர் என்றால் கழுத்தில் மாலை விழுகிற மனுஷன்.

"நைனா, அது வேற..." என்று ஆரம்பித்தேன். மாமா செருப்புக் காலால் என் காலை மிதித்தார். துரையைப் பார்த்துப் பணிவாக, "டே ஸ்காலர், சார்" என்றார். துரை எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் விஷயத்தை உடைத்தேன். "வூட்லேர்ந்து வந்து போற பையன்னு அர்த்தம் நைனா. ஹாஸ்டல் கெடையாது. திரும்பிப் போய்ச் சொல்லலாம், வாங்க."

அப்பா மாமாவைப் பார்த்தார்.

"புள்ள அடக்கமா பேசறான் மச்சான்," என்றார் மாமா. "ஊட்ல ஒழுங்கா இருந்து படிக்கிறவனுக்குத்தான் அந்தப் பட்டமே குடுப்பாங்க. ஹாஸ்டல்ல கெடக்கிறதுங்கள்லாம் வெறும் போர்டரு."

அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சாயங்காலத்துக்குள் அம்பத்தூர் முழுக்க நான் ஸ்காலர். அதற்கப்புறம் நான் என்ன கத்தினாலும் அடக்கம் என்றே எடுத்துக்கொண்டார்.

நாலு வருஷம். காலையில் ஆவடியில் வண்டி ஏறும் மாமா எனக்கும் இடம் பிடித்து வைத்திருப்பார். சாயங்காலம் சென்ட்ரலில் கடிகாரத்துக்குக் கீழே நிற்பார். ஒரே ஒருமுறை விவாதத்தில் என் பெயரையும் சேர்த்திருந்தார்கள். வண்டி போனால் போகட்டும் என்று மேடையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் பேசியவன் முடிக்கும் நேரம், மண்டபத்து வாசலில் குடையும் கையுமாக மாமா.

"மாப்ளே! இன்னா குந்திகினு கீறே? வண்டிக்கு டைம் ஆச்சு, வா!"

மண்டபமே சிரித்தது. நான் இறங்கிப் போனேன். மறுநாளிலிருந்து காலேஜ் முழுக்க எனக்கு மாப்ளே என்றே பெயர். நான் ஆசைப்பட்ட காலேஜில் எனக்குக் கிடைத்த ஒரே கொண்டாட்டம் அதுதான்.

பி.ஏ. முடித்த கையோடு கல்யாணம் பேசினார்கள். மறுத்திருக்கலாமே என்பீர்கள். மறுத்துப் பேச நான் எந்த மேடையில் கற்றுக்கொண்டேன்? மாமா பெண்ணின் மேல் எனக்குக் கோபமில்லை. அவளையும் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அச்சாபீஸிலிருந்து பத்திரிகைக் கட்டு வந்தது. பிரித்தால், என் பெயருக்குப் பின்னால் கொட்டை எழுத்தில் 'பி.ஏ., டே ஸ்காலர்'. புரூஃப் பார்த்தவர் மாமாதான். கொல்லைப்புறத்துக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன்.

"அர்த்தம் தெரிஞ்சேதான் வுட்டீங்களா?"

"தெரியாமயா?" என்று சிரித்தார். "அன்னிக்கி ஹாஸ்டல்ல வுட்டிருந்தா, இன்னிக்கி என் பொண்ணு கய்த்துல நீ தாலி கட்டுவியா மாப்ளே?"

உள்ளே போய்ப் பேனாவை எடுத்தேன். கூடத்தில் அப்பா ஒவ்வொரு பத்திரிகையின் மூலையிலும் மஞ்சள் தடவி அடுக்கிக்கொண்டிருந்தார். மேலே இருந்ததை எடுத்து, அந்த இரண்டு வார்த்தையையும் அடிக்கக் குனிந்தேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மஞ்சள் என் கையெல்லாம் ஒட்டியது.

"பி.ஏ.வ வோணும்னா அடிச்சிக்கோ. அத எவன் வேணா வாங்குவான். ஸ்காலர்ல கைய வெக்காதே. அதுக்காவத்தான்டா உன்ன அந்தக் காலேஜுல போட்டேன்."

மாமா பின்னாலேயே வந்திருந்தார். என் விரல்களிலிருந்து பேனாவை மெதுவாக உருவி, தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.