ஷேர் ஆட்டோவுக்குப் பின்னால் பத்து நிறுத்தம்

இன்று காலை மண்ணூர்பேட்டையில், ஒரு ஷேர் ஆட்டோவுக்குப் பின்னால் சைக்கிளில்...

இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன். அப்போதுதான் புரியும்.

எனக்கு நாற்பத்து மூன்று வயது. எஸ்டேட்டில் (தொழிற்பேட்டையைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம்) ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சைக்கிள் குழுவோடு போகிறேன். (அவர்கள் போவார்கள், நான் பின்னால் வருவேன்.)

போன மாதம் பூண்டி ஏரிக்குக் கிளம்பினோம். பட்டாபிராம் தாண்டுவதற்குள் மொத்தக் கூட்டமும் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. தனியாக ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன், இதில் என்ன வெட்கம்!

அன்றைக்கே முடிவு செய்தேன். மற்றவர்கள் போட்டிருக்கிற அந்தப் பெடல் எனக்கும் வேண்டும்.

தெரியாதவர்களுக்கு: அதன் பெயர் க்ளிப்லெஸ் பெடல். ஷூவுக்கு அடியில் ஒரு சின்னக் கட்டை இருக்கும். மிதித்தால் 'டக்' என்று பெடலோடு பூட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் கழலும். நேராக இழுத்தால் வரவே வராது.

(திருப்ப மறந்தால்? அதற்குத்தான் வருகிறேன்.)

குழுவை நடத்துபவர் பிரபு. என்னைவிட பத்து வயது சின்னவர், ஆனால் ரொம்பக் கண்டிப்பு. பெடல் வாங்கி மாட்டிவிட்டேன் என்றதும் நிபந்தனை போட்டார்.

"அக்கா, நீங்க வுழுந்தா பின்னாடி வர்ற நாலு பேரும் வுழுவாங்க. ரோட்ல வரிசையா பத்து தடவ சாயாம நில்லுங்க. ஒண்ணு சாஞ்சாலும் மறுபடி ஒண்ணுலேர்ந்து. வெள்ளிக்கெழமைக்குள்ள முடிச்சா இந்த ஞாயிறு பூண்டிக்கு வாங்க."

"யாருப்பா எண்ணுறது?"

"நீங்க சொன்னா போதும்க்கா."

(இதைவிடப் பெரிய தண்டனை உண்டா!)

திங்கள் காலை முதல் முயற்சி. சிக்னல் டைமரைப் பார்த்துக்கொண்டே நிதானமாகக் காலைக் கழற்றலாம் என்று திட்டம். சிக்னல் வருவதற்கு முன்பே எனக்கு முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ சடாரென்று நின்றது. யாரோ கை காட்டினார்களாம்!

இருபது வருடம் ஸ்கூட்டி ஓட்டிய உடம்பு இது. பிரேக் பிடித்தால் இரண்டு காலும் தானாகக் கீழே போகும். போகவில்லை, பூட்டிக் கிடந்தன. அப்படியே சைக்கிளோடு சேர்ந்து இடப்பக்கம் சாய்ந்தேன். மெதுவாக. எல்லாரும் பார்க்கும்படி.

விழுந்த பிறகும் காலை விடுவிக்க உதறிக்கொண்டே இருந்தேன். பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்?

"ஐயோ, கை கால் இழுத்துக்கினு கீது! இரும்பு குடு, இரும்பு!"

ஆட்டோக்காரர் ஓடி வந்து சாவிக்கொத்தை என் கையில் திணித்தார். இன்னொருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார். மூன்றாவது ஆள் என் காலைப் பிடித்து நேராக இழுத்தார். (முட்டி கழன்றுவிடும் போலிருந்தது. ஷூ கழலவில்லை.)

"அண்ணா, வலிப்பு இல்லண்ணா! ஷூ மாட்டிக்கிச்சு! குதிகாலை வெளிய திருப்புங்க!"

ஆட்டோக்காரர் திருப்பினார். கழன்றது.

"இன்னாது, ஷூவ பெடல்ல பூட்டிக்கினு ஓட்றியா? இன்னாத்துக்கும்மா?"

"வேகமா போகத்தான்ணா."

"மொதல்ல ஊடு போய்ச் சேர வேணாமா?"

கேள்வி நியாயம்தான்.

செவ்வாய் இரண்டு முறை விழுந்தேன். புதன் ஆறு வரை வந்து விழுந்தேன். வியாழன் நான்கில். எல்லாமே ஷேர் ஆட்டோ நின்ற இடங்கள்! வீட்டுக்காரர் முழங்கைக்கு மருந்து போட்டுவிட்டு, "போதுமே" என்றார். போதாது என்றேன்.

சிக்னலில் மட்டும் பத்து முறை நின்றுவிட்டு பிரபுவுக்கு மெசேஜ் போட்டிருக்கலாம். எனக்கு ஒப்பவில்லை. என்னை விழவைத்தது திடீர் நிறுத்தம், எண்ணினால் அதைத்தான் எண்ணுவேன்.

இன்று வெள்ளி. கடைசி நாள். அதே ஆட்டோக்காரரைப் பிடித்தேன்.

"அண்ணா, இன்னிக்கு உங்க பின்னாடியே வர்றேன். பத்து தடவ விழாம நிக்கணும். நீங்க எப்பவும் போல எங்க வேணா நிறுத்துங்க."

"எங்க நிறுத்துவேன்னு எனக்கே தெரியாதேம்மா! சரி, தள்ளி வா. ஒட்டிக்கினு வராத."

ஆட்டோவின் பின்சீட்டில், பின்னால் வரும் என்னைப் பார்த்தபடி மூன்று பெண்கள். காலை ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள். விஷயம் அவர்கள் காதில் விழுந்துவிட்டது.

முதல் நிறுத்தம். இடது குதிகாலைத் திருப்பினேன், ஊன்றினேன், நின்றேன்.

"ஒண்ணு!" என்றார்கள் மூன்று பேரும்.

இரண்டாவதில் ஒரு விஷயம் பிடிபட்டது. ஆட்டோவைப் பார்க்கக் கூடாது, சாலையோரத்தைப் பார்க்க வேண்டும். யார் கையாவது உயர்ந்ததுமே குதிகால் திரும்ப வேண்டும்.

ஐந்தாவதில் ஆடிவிட்டேன்.

"ஆடினா கணக்கு இல்ல" என்றார் மூவரில் ஒருவர்.

"கால ஊனிச்சில்ல? கணக்குதான்டி!"

ஏழு. எட்டு. ஒன்பது!

அதற்குப் பிறகு ஒருவரும் கை காட்டவில்லை. சாலையோரம் காலி. அடுத்த திருப்பத்தில் ஆட்டோ நேராகப் போய்விடும், நான் என் கம்பெனிக்குத் திரும்ப வேண்டும். ஒன்பதோடு முடியப்போகிறது. ஒன்பதைப் பத்து என்று சொன்னால் பிரபுவுக்கா தெரியப்போகிறது? எனக்குத் தெரியுமே!

ஓரத்தில் உட்கார்ந்திருந்த மஞ்சள் துப்பட்டாப் பெண் என்னைப் பார்த்தார். காலியான சாலையைப் பார்த்தார். ஆட்டோ தகரத்தில் பட்டென்று தட்டினார்.

"அண்ணா, நிறுத்து!"

ஆட்டோ நின்றது. என் கால் எப்போது கழன்றது என்று எனக்கே தெரியாது. தரையில் நின்றுகொண்டிருந்தேன்.

"பத்து!"

அந்தப் பெண் இறங்கிவிட்டார்.

"உன் கம்பெனி இன்னும் ரெண்டு ஸ்டாப் கீதேம்மா?" என்றார் ஆட்டோக்காரர்.

"நடந்துக்கிறேண்ணா." என் பக்கம் திரும்பி, "ஞாயித்துக்கெழம நல்லா ஓட்டுக்கா" என்றார்.

சாப்பாட்டுப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். நன்றி சொல்லவில்லை. பெயர்கூடக் கேட்கவில்லை.

பிரபுவுக்கு "பத்து" என்று மட்டும் மெசேஜ் போட்டேன். "ஞாயிறு காலை அஞ்சு மணி, ஆவடி" என்று பதில் வந்தது.

பூண்டிக்குப் போகிறேன் மக்களே, கூட்டத்தோடு!

ஆனால் காலையிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. எஸ்டேட்டில் ஷிஃப்ட்டுக்கு ஐந்து நிமிடம் தாமதமானால் என்ன பேச்சு கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

மண்ணூர்பேட்டைப் பக்கம் இருப்பவர்கள் யாருக்காவது அந்த மஞ்சள் துப்பட்டாப் பெண்ணைத் தெரியுமா? ஒன்றே ஒன்று கேட்டுச் சொல்லுங்கள்.

நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தாரா?