கோணல் கப்பல்

அயனம்பாக்கத்தில் இருக்கும் என் ஆபீஸ் சுவரில் ஒரு பித்தளைத் தூக்குக்குண்டு தொங்குகிறது. சுவர் நேராக எழும்புகிறதா என்று நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பார்க்கும் குண்டு. என் மேஸ்திரியுடையது. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான் திருமுல்லைவாயிலிலிருந்து நூம்பல் வரை எத்தனை வீடு எழுப்பியிருக்கிறேன் என்று ஊரைக் கேட்டால் சொல்லும். அத்தனைக்கும் குண்டு பிடித்தவர் அவர். சுவர் சாய்ந்தது என்று எவனும் என் வாசலில் வந்து நின்றதில்லை.

அதனால்தான் ஒரு சினிமா கம்பெனி எங்களைத் தேடி வந்தது. அம்பத்தூரில் காலியாகக் கிடந்த ஷெட்டுக்குள், விண்வெளிக் கப்பலின் உட்புறத்தைப் பிளைவுட்டில் கட்டித்தர வேண்டும். ஆயிரம் பேர் குடியிருக்கும் கப்பலாம். ஷெட்டோ ஒரு பஸ் நிறுத்தினால் நிறைந்துவிடும். ஆர்ட் டைரக்டர் மேடத்துக்கு அது முதல் படம். வரைபடத்தைக் கொடுத்து, "அப்படியே கட்டுங்கண்ணா, எதுவும் மாறக்கூடாது" என்றார். நான் அதை மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டு ஆவடி சைட்டுக்குப் போய்விட்டேன்.

வேலை முடிந்தது என்று போன் வந்ததும் போனேன். மேஸ்திரி மீசையை முறுக்கிக்கொண்டு நின்றார். "படம் போட்ட பொண்ணுக்குக் கை கோணிக்கிச்சு போலகீது அண்ணாத்தே. செவுரு ரெண்டும் போவப் போவ ஒட்டுது, தரை மேல ஏறுது, கூரை தலைல இடிக்குது. அதுல மனுசன் எப்டி நடப்பான்? குண்டு வச்சு எல்லாத்தையும் நேராக்கிட்டேன்." எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

மேடம் வந்தார். திட்டவில்லை. நாங்கள் கட்டியதைச் செல்போன் கேமராவில் காட்டினார். அதில் தெரிந்தது கப்பல் அல்ல, எங்கள் சிமெண்ட் குடோன். "போகப் போகக் குறுகினாதாண்ணா கேமராவுக்கு முடிவே இல்லாத மாதிரி தெரியும். சாயங்காலம் ஷூட்டிங். இது நடக்கலைன்னா என்னை அனுப்பிடுவாங்க."

மேஸ்திரி நூலைச் சுற்றி, குண்டை என் கையில் வைத்தார். "இத்த நீ வச்சிக்க. இது கைல இருந்தா எனக்குக் கோணலா கட்ட வராது." ஆணிகளைப் பிடுங்க ஆரம்பித்தார். தெரிந்தே ஒரு சுவரை அவர் சாய்த்தது அன்றுதான்.

சாயங்காலம் கேமராவுக்குள் கண்ணை வைத்தேன். கப்பல் ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை ஒரே வராண்டாவாக ஓடியது! அந்தக் கோடியில் சுத்தியலை எடுக்கப்போன மேஸ்திரி, கூரையை முட்டும் ராட்சசனாக நின்றார். "மேஸ்திரிண்ணே, வெளிய வாங்க, உங்களால கப்பல் சுருங்குது!" என்று மேடம் கத்திச் சிரித்தார். மேடத்தின் வேலை போகாமல் தப்பியது.

மேஸ்திரி சிரிக்கவில்லை. தானும் ஒருமுறை கேமராவில் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "அப்போ நான் இம்மா நாளும் நேரா கட்டுனது நேராதான் கீதா அண்ணாத்தே?"

யாரிடமும் அப்படிக் கேட்காத ஆள். மறுநாளே குண்டை வாங்கிக்கொண்டு, நாங்கள் முடித்த நூம்பல் வீட்டுக்குப் போய் ஒவ்வொரு சுவராகத் தொங்கவிட்டார். எல்லாம் நேர். ஆனாலும் குண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இனிமே நீயே புடி. என் கண்ணு மேல நம்பிக்க பூட்ச்சு."

இப்போது அவர் இல்லை. ஆபீசுக்கு வருகிறவர்களிடம் நான் கட்டிய வீடுகளைப் பற்றி உரக்கப் பேசிக்கொண்டிருப்பேன். நடுவில் அந்தக் குண்டு கண்ணில் படும். பேச்சை நிறுத்திவிட்டு எழுந்துபோய், பக்கத்துச் சுவர் நேர்தானா என்று தடவிப் பார்ப்பேன்.