அசையாத ஊசி

திருவேட்டக்குடி மீனவர் சங்கத்து ஏலக்கொட்டகையில் கரண்டு சம்பந்தப்பட்ட எல்லாமே மாரிக்கண்ணு பொறுப்பு. எட்டாவதோடு படிப்பு நின்றுபோனவர். ஆனால் அவர் இழுத்த ஒயரில் ஒரு கோணலை இதுவரை யாரும் காட்டியதில்லை. உப்புக்காற்றில் எந்த இரும்பும் ஒரு மழைக்காலம் தாங்காது என்பதால், மண்ணெண்ணெய் தொட்ட துணியோடுதான் நடமாடுவார். டார்ச்சோ ரேடியோவோ, ஓடாமல் சும்மா இருந்தால் அதற்குள் பேட்டரிக் கட்டை இருக்கக் கூடாது. கட்டை கசிந்து, பச்சை பூத்து, நல்ல சாமானைத் தின்றுவிடும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் அலமாரியில் கிடக்கும் டார்ச்சின் கட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பந்தியில் உட்காருவார் என்று அவர் மனைவி அமுதம் சொல்லிச் சிரிப்பாள்.

தங்கை அல்லியை டிப்ளமோ வரை படிக்க வைத்தவர் அவர். புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் அவள் கம்ப்யூட்டர் பெட்டிகள் செய்கிற வேலையில் இருந்தாள். அதைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று மாரிக்கண்ணு காத்திருப்பார்.

"ஒன் தங்கச்சிக்கு என்னாப்பா வேலை?" என்று மீன்காரி காசியம்மா ஒருநாள் கேட்டாள்.

"கம்ப்யூட்டரோட ஞாபகத்துக்கு ஆவுற கரண்டுச் செலவைக் குறைக்குது."

"ஞாபகத்துக்கு ஏதுடா கரண்டு? இந்தக் கொட்டாயில எவனெவன் எடையில ஏமாத்துனான்னு எனக்கு அத்தனையும் ஞாபகம் இருக்கு. நான் என்னா பிளக்குலயா சொருவி வச்சிருக்கேன்?"

எண்பத்தாறாம் வருஷம் அல்லி அப்படியொரு பெட்டியோடு ஊருக்கே வந்தாள். படகுபடகாக மீன் எடையை அதில் தட்டிவிட்டால் அது நினைவில் வைத்துக்கொள்ளும். ஆனால் தினமும் கரண்டு போகிற ஊர். போனால் எடையும் போய்விடும். லாரி பேட்டரி ஒன்றை வைத்துப் பெட்டி முழுவதையும் எரியவிட வேண்டும் என்பது அவளுடைய மேலதிகாரி தெட்சிணாமூர்த்தியின் கட்சி. விரல் தடிமனுள்ள கட்டைகள் சிலவே போதும் என்பது அல்லியின் கட்சி.

"கரண்டு போனா நாம மெமரியத் தூங்க வச்சிடுறோம்ணே. தூங்குற புள்ளைக்குச் சோறு ஊட்ட வேணாம், மூச்சு ஓடுனா போதும்" என்றாள்.

"புரியுதாங்க?" என்று தெட்சிணாமூர்த்தி மாரிக்கண்ணுவைப் பார்த்தார்.

மாரிக்கண்ணுவுக்குப் புரியவில்லை. தங்கையின் அதிகாரி முன்னால் அதை எப்படிச் சொல்வது? "நமக்குத் தெரியாததா சார்" என்று தலையாட்டினார்.

ஏற்பாடு இதுதான். ஒரு நாள் ஏலத்தின் எடைகளை ஏற்றிவிட்டு, சாயங்காலம் மெயினை இறக்கிப் பூட்டுவது. மறுநாள் காலையில் சங்கத் தலைவர் கருப்பையன் முன்னிலையில் திறப்பது. எடைகள் அப்படியே இருந்தால் சங்கம் பெட்டியை வாங்கும், கம்பெனி அல்லியின் முறைப்படி செய்யும். இல்லையென்றால் லாரி பேட்டரிதான். அல்லி பழையபடி ஈயப்பற்று வைக்கிற மேஜைக்குத் திரும்ப வேண்டும்.

கொட்டகைச் சாவி மாரிக்கண்ணுவிடம் இருந்தது. எல்லாரும் போனபின் மெயினை இறக்கினார். பெட்டி அணைந்தது. அணைந்த பெட்டிக்குள் கட்டை கிடப்பது அவருக்கு உறுத்தியது. அவசரப்படுகிறவர் இல்லை அவர். பின்மூடியைத் திறந்து, கட்டையின் ஒரு முனையை விலக்கி, நடுவில் கரண்டு அளக்கிற தன் மீட்டரை வைத்துப் பார்த்தார். மிகச் சின்ன அளவுக்குத் திருகியும் ஊசி அசையவில்லை. ஒன்றும் இழுக்கவில்லை, சும்மாதான் கிடக்கிறது என்று உறுதியானதும் கட்டைகளைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றினார். கட்டை தொடுகிற தகடுகளைத் துணியால் துடைத்துப் பளபளவென்று ஆக்கினார். விடிந்ததும் முதல் ஆளாகப் போய்த் தலைமாறாமல் திரும்பப் போட்டார். தங்கைக்குத் தன்னால் ஆன உதவி.

கருப்பையன் வந்ததும் மெயினைத் தூக்கினார்கள். பெட்டியில் எல்லா எடையும் பூஜ்யம்.

"நான் அப்பவே சொன்னேன்ல" என்றார் தெட்சிணாமூர்த்தி.

அல்லி பின்மூடியைத் திறந்தாள். மண்ணெண்ணெய் வாடை வந்தது. பளபளக்கிற தகடுகளைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து ஒரே ஒரு தரம் அண்ணனைப் பார்த்தாள்.

"என் வேலையிலதான் ஏதோ கோளாறு சார்" என்றாள்.

அந்தப் பார்வையில்தான் மாரிக்கண்ணுவுக்குத் தூங்குகிற பிள்ளையும் மூச்சும் புரிந்தன. அவர் கழற்றி வைத்தது அந்த மூச்சைத்தான். வெளியே வந்து, கவிழ்த்துப் போட்ட கட்டுமரத்தின் பக்கம் நின்றார். உள்ளே கருப்பையன், "பொம்பளப் புள்ள, பாவம், போவட்டும் விடுங்க" என்று சொல்வது கேட்டது. காசியம்மா கூடையோடு வந்தாள்.

"ஏண்டா, ஒன் தங்கச்சி பொட்டிக்கு என் ஞாபகத்துல பாதிகூட இல்லியாமே?"

எத்தனையோ பேர் வீட்டில், 'கவனமில்லாதவன் கரண்டுல கை வைக்கக் கூடாது' என்று அவர் சொல்லியிருக்கிறார். அத்தனை பேரும் இன்று சிரிப்பார்கள். ஆனால் அவர் சொல்லாவிட்டால் அவர்கள் அல்லியைப் பார்த்துச் சிரிப்பார்கள். உள்ளே போனார்.

"சார், கட்டைய நான்தான் கழட்டுனேன்."

"நேத்து புரியுதுன்னு சொன்னீங்களேங்க?" என்றார் தெட்சிணாமூர்த்தி.

"புரியல சார். சும்மா சொன்னேன்." கட்டையைக் கழற்றியதைவிட இதைச் சொல்வதுதான் கடினமாக இருந்தது. "மீட்டரு வச்சுப் பாத்தேன். ஊசி அசையல. அதான் கழட்டிட்டேன்."

பின்னால் யாரோ சிரித்தான். "ஊரு டார்ச்செல்லாம் கழட்டி கடசில தங்கச்சியையும் கழட்டிட்டாரு!"

தெட்சிணாமூர்த்தி சிரிக்கவில்லை. மீட்டரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல அசையலைன்னா, அவ்வளவு கம்மியாவா இழுக்குது?" என்று அல்லியைக் கேட்டார். பிறகு கருப்பையனிடம், "இன்னைக்கு ஒரு தரம் திரும்பப் பாத்துடுவோங்க" என்றார்.

அன்று சாயங்காலம் யாரும் கேட்பதற்கு முன்பே மாரிக்கண்ணு சாவியைக் கருப்பையன் கையில் கொடுத்துவிட்டார். மறுநாள் திறந்தபோது அவர் உள்ளே போகவில்லை. கட்டுமரத்துப் பக்கமே நின்றார். எடைகளைக் கருப்பையன் ஒவ்வொன்றாக வாசிக்கிற சத்தம் கேட்டது. காசியம்மாதான் வெளியே வந்து, "எல்லாம் இருக்குடா, என் மத்தி மீனுகூட இருக்கு" என்றாள்.

கம்பெனி அல்லியின் முறைப்படியே செய்தது. சங்கத்துக்கு வந்த புதுப்பெட்டியின் பின்மூடியில் திருகாணிகள் இருந்தன. அதன்மேல் தமிழில் ஒரு வரி ஒட்டியிருந்தது: 'பெட்டியை நிறுத்தி வைத்தாலும் கட்டைகளைக் கழற்றக் கூடாது.'

பொங்கலுக்கு அல்லி வந்தபோது மாரிக்கண்ணு கேட்டார், "என்னைய நெனச்சா எழுதுன?"

"ஒங்கள மாதிரி ஒழுங்கானவங்களுக்குத்தாண்ணே. கவனமில்லாதவன் அதத் தொறக்கவே மாட்டான்."

அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். அவருக்கு ஆறவில்லை. ஊரில் தங்கையைப் பற்றி இப்போதும் யாராவது கேட்டால் நிமிர்ந்து நின்றுதான் சொல்வார். சங்கத்தில் பெட்டியைத் துடைக்கிற நாளில் மட்டும் அந்த வரி வரைக்கும் துணியைக் கொண்டுபோய், அதைத் தொடாமல் சுற்றித் துடைத்துவிட்டு வந்துவிடுவார்.