துவக்கு திரும்பிய திசை

பதின்மூன்று வயதில் நான் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெரிய துரையைப் பார்த்து "ஸ்டொப்!" என்று கத்தியிருக்கிறேன். மடுல்சீமையில் எங்கள் குடும்பத்தில் அதற்கு முன்பு யாரும் செய்யாத காரியம் அது. துரை ஏறச் சொன்ன மலையில் ஏறுவோம், இறங்கச் சொன்னால் இறங்குவோம். அவரையே நிற்கச் சொல்லலாம் என்பது யாருக்கும் தோன்றியதில்லை. எனக்கும் தோன்றவில்லை. வாய் முந்திக்கொண்டது.

அப்போது நான் பதுளையில் சித்தி வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். யுத்தம் முடிந்து சில வருடங்கள் கழித்து எங்கள் பாடசாலையில் பெண் பிள்ளைகளுக்குக் கடேட் என்னும் மாணவர் படை அணி ஒன்று தொடங்கினார்கள். பேர் கொடுத்துவிட்டு லீவுக்கு வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது அம்மா கொழுந்துக்கூடையை இறக்கக்கூட மறந்து நின்றாள்.

"பொம்பளப் புள்ள கையில துவக்கு எதுக்கு? அதுவும் நம்ம புள்ள கையில?"

எனக்காகப் பேசியது அம்மாவின் தம்பியான மாமாதான். அவர் துரையின் ஜீப் சாரதி. கொழும்பு வரை போய் வருபவர் என்பதால் லயத்து வீடுகளில் அவர் பேச்சுக்கு ஒரு மதிப்பு இருந்தது. "காலம் மாறிப் போச்சுக்கா. போகட்டும் விடு" என்றார். அம்மா அரை மனதோடு விட்டாள்.

எங்களுக்குச் சுடப் பழக்கியவர் ஒரு சிங்கள இராணுவ சார்ஜன். அவருக்குத் தெரிந்த தமிழ் ஐம்பது சொற்கள் இருக்கும். அந்த ஐம்பதையும் எங்களைத் திட்டுவதற்கே செலவழித்தார். இரண்டு மாதம் துவக்கில் போட ஒரு ரவைகூடத் தராமல், 'பொயின்ட் டூ டூ' என்று எல்லோரும் சொல்லும் அந்தச் சிறிய ரைபிளைத் தூக்கவும் வைக்கவும் துடைக்கவும் மட்டுமே விட்டார். ரவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் துவக்கின் வாய் குறிக்குப் பின்னால் உள்ள மண்மேட்டைத்தான் பார்க்க வேண்டும். சுடும் நேரம் வரை விரல் விசைக்குள் போகக் கூடாது. போல்ட்டை இழுத்தால் சுட்ட கோது வெளியே தெறிக்கும், தள்ளினால் அடுத்த ரவை உள்ளே ஏறும்; அதனால் தரையில் விரித்த படங்கில் கிடத்தும்போது போல்ட் திறந்திருக்க வேண்டும். துடைக்கிறபோது கம்பியைப் பின்பக்கமாக விட்டு, ஒரு சொட்டு எண்ணெய் போட்டு, அதையும் துடைத்துவிட வேண்டும். எங்களில் ஒருத்தி தலைக்கு வைப்பதுபோல் எண்ணெயை ஊற்றிவிட்டாள் என்பதற்காக எல்லோரும் மைதானத்தை மூன்று சுற்று ஓடினோம்.

அவர் சொன்னதில் ஒன்று மட்டும் எனக்கு நம்ப முடியாததாக இருந்தது. சுடுமிடத்தில் பிழையாக எதைக் கண்டாலும் யார் வேண்டுமானாலும் "ஸ்டொப்" சொல்லலாம். சொன்ன கணத்தில் எல்லோரும் நிறுத்த வேண்டும். "சின்னவங்க சொல்றது. பெரியவங்க நிக்கிறது. சரியா?" என்று அவர் கேட்டபோது நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். எங்கள் ஊர்ப்பக்கம் அப்படி ஓர் இடம் இருக்க நியாயமில்லை.

வருடக் கடைசியில் நாலைந்து பாடசாலைகள் சேர்ந்து சுடும் போட்டி வந்தது. நமுனுகுல மலை தெரிகிற ஒரு சரிவை வெட்டி மண்மேடு கட்டி, சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். பிரதம விருந்தினராக யாரை அழைப்பது என்று யோசித்து, கடேட் அணிக்குக் காலுக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுத்த எங்கள் துரையையே அழைத்திருந்தார்கள். ஜீப்பைவிட்டு மாமா அயர்ன் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் இறங்கினார். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். என் சீருடையைக் காட்டிப் பக்கத்தில் நின்றவரிடம் ஏதோ சொன்னார். எனக்குக் கழுத்து தானாக நிமிர்ந்தது.

முதல் வெடியைத் துரை வைத்துப் போட்டியைத் தொடங்கி வைப்பதாக ஏற்பாடு. சார்ஜனே ரைபிளை ஆயத்தம் செய்து கொடுத்தார். துரை நின்றபடியே சுட்டார். சின்னச் சத்தம்தான், ஆனால் எல்லோரும் பலமாகக் கைதட்டினோம். அவர் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போன ஆள். பழக்கதோஷத்தில் போல்ட்டை இழுத்துத் திரும்பத் தள்ளினார். வெற்றுக் கோது ஒன்று தெறித்துப் புல்லில் விழுந்தது. அந்த நேரம் சார்ஜன் கொடி பிடித்த பிள்ளைக்கு ஏதோ சொல்லத் திரும்பியிருந்தார்.

"சேர், இந்தப் பக்கம் ஒரு போட்டோ!" என்று யாரோ போனை உயர்த்தினார்கள்.

துரை சிரித்த முகத்தோடு திரும்பினார். அவரோடு துவக்கும் திரும்பியது. விரல் விசையில் இருந்தது. துவக்கின் வாய் எங்கள் வரிசையை மெதுவாகக் கடந்து, போன் பிடித்தவரையும் கடந்து, வெள்ளைச் சட்டையின் நடுவில் போய் நின்றது. மாமா தன்னையும் படம் எடுக்கிறார்கள் என்று எண்ணித் தலைமுடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஸ்டொப்!"

அது என் குரல் என்று எனக்கே பிறகுதான் தெரிந்தது. பேச்சும் சிரிப்பும் சட்டென்று நின்றன. துரை அப்படியே நின்றார். இரண்டே எட்டில் வந்த சார்ஜன் குழலைப் பிடித்து மண்மேட்டுப் பக்கம் திருப்பி, துவக்கை வாங்கிக்கொண்டார். எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று போல்ட்டைத் திறந்து பார்த்தார். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"காலிதானே?" என்றார் துரை.

"காலிதான், சேர்" என்றார் சார்ஜன்.

துரை சிரித்தார். நல்ல மனிதர், கோபித்துக்கொள்ளவில்லை. "பிள்ளை பயந்திட்டுது" என்று என் பக்கம் கையைக் காட்டினார். உடனே எல்லோரும் சிரித்தார்கள். மற்றப் பாடசாலைப் பிள்ளைகள் என்னைத்தான் பார்த்துச் சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகம் சாம்பல் பூத்துப் போயிருந்தது.

எங்களை அழைத்து வந்திருந்த டீச்சர் யாழ்ப்பாணத்தவர். அதட்டிப் பேசவே மாட்டார். "ஏன் பிள்ளை அப்பிடிக் கத்தினனீ? ஆக்கள் என்ன நினைப்பினம்?" என்று மெல்லிய குரலில் கேட்டார். பிறகு துரையின் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "நீ இண்டைக்குச் சுட வேண்டாம். அங்க துடைக்கிற மேசையில போய் இரு" என்றார். என் இடத்தில் இன்னொருத்தி படுத்துச் சுட்டாள். நான் அந்த மேசைக்குப் பின்னால், சுட்டு முடித்து வந்த துவக்குகளை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். குழலுக்குள் விட்ட துணி கறுப்பாக வந்தது, பிறகு சாம்பலாக வந்தது, பிறகு வெள்ளையாக வந்தது. கண்ணைத் துடைக்க எனக்கு வேறு துணி இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் மாமா வந்தார்.

"மானத்த வாங்கிட்டியே புள்ள. நாப்பது பேரு முன்னால தொரையப் பாத்து கத்துறதா? நாளைக்கு நான் எப்புடி அவரு மூஞ்சில முழிப்பேன்?"

"ஒங்க பக்கம்தான் மாமா திரும்புச்சு."

"திரும்புனா என்ன? தொரை என்னையச் சுட்டுருவாரா?"

துரை சுடமாட்டார்தான். மாமா கொண்டுவந்த சோற்றுப் பொதியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். துவக்கெண்ணெய்க் கையோடு சாப்பிடக் கூடாது என்பது சட்டம். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன், சாப்பிடவில்லை.

பின்னேரம் எங்கள் பாடசாலைக்கு மூன்றாம் இடம் கிடைத்தது. எல்லோரும் பஸ்ஸுக்கு ஓடினார்கள். நான் கடைசித் துவக்கைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தபோது சார்ஜன் வந்து மேசைக்கு எதிரே நின்றார். சுற்றும் பார்த்துவிட்டுக் காற்சட்டைப் பையில் கைவிட்டு, உள்ளங்கையை என் முன்னால் விரித்தார். ஒரு ரவை. முனையில் ஈயம் அப்படியே இருந்தது. அடிவிளிம்பில் ஊசி தட்டிய தடம் இல்லை. சுடாத ரவை.

"இது உள்ள இருந்தது" என்றார்.

காலையில் துவக்குகளைத் துடைத்தவர்களில் நானும் ஒருத்தி. துரையின் முன்னால் கத்தியது போதாதென்று இதுவும் என் தலையில் விழப்போகிறது என்று நினைத்தேன். எந்தத் துவக்கின் உள்ளே, எப்போது இருந்தது என்று கேட்கும் அறிவு எனக்கு வரவில்லை.

"சத்தியமா நான் இல்ல, சேர். நான் தொறந்து பாத்துத்தான் தொடச்சேன். உள்ள ஒண்ணுமே இல்ல."

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த ஐம்பது சொற்களுக்குள் அதற்கு வேண்டியது இல்லைபோலும். ரவையைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு குதிகால்களைச் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி, விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

இத்தனை மாதமாக அவருக்கு நாங்கள்தான் சல்யூட் அடித்து வந்தோம். யாரோ பெரிய அதிகாரி வருகிறார் என்று நினைத்து, நானும் அவசரமாக எண்ணெய்க் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். பின்னால் அதிகாரி யாரும் இல்லை. தூரத்தில் மாமா மட்டும், என் மீது கோபம் ஆறாத முகத்தோடு, ஜீப்பின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.