அம்மாவின் அளவுக்கு ஒரு துடுப்பு

குளம் நிறைந்தால் ஊரே பொங்கல் வைக்கும். எங்கள் வீட்டில் மட்டும் முகம் தொங்கிப்போகும். எங்கள் வீடு குளத்துக்கு அந்தப் பக்கம், தோட்டத்துக்குள் இருந்தது. தண்ணீர் ஏறிவிட்டால் பஸ் ரோட்டுக்குப் போகும் தடம் மாதக்கணக்கில் மூழ்கிக் கிடக்கும். சுற்றிப் போனால் கள்ளிக்காடு. நான் மூன்றாம் வகுப்பை இரண்டு தடவை படித்ததற்கு என் மூளையைக் குறை சொல்கிறவர்கள் அந்தக் குளத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மறுபடியும் மழை பிடித்துக்கொண்ட வருஷம், அப்பா பவானி ஆற்றுப் பக்கமிருந்து ஒரு பழைய பரிசலை வண்டியில் ஏற்றிவந்து கரையில் கவிழ்த்துப் போட்டார். துடுப்பு வரவில்லை. அப்பாவுக்குக் காங்கேயத்தில் அரிசி ஆலை வேலை, வாரம் ஒரு நாள்தான் வருவார். எனவே துடுப்பு வாங்குவது அத்தையின் பொறுப்பாயிற்று. அத்தை அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் மடிப்பு வேலை. எங்கள் வாசற்படியில் குனிந்துதான் நுழைவாள், அவ்வளவு உயரம். குளம் நிறைந்தாலும் புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு, கள்ளிக்காட்டைச் சுற்றி விடியும் முன்பே வேலைக்குப் போய்விடுவாள். உலகத்தில் அத்தையால் முடியாதது ஒன்று இருக்கும் என்று நான் நம்பியதே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு சேவூரில் ஒரு தச்சர் பட்டறைக்குப் போனாள். சுவரில் மூன்று துடுப்புகள் சாய்ந்திருந்தன. ஒன்று ஆளைவிட நீளம், தண்ணீருக்குள் இறங்கும் அலகு முழுக்கச் சிவப்புச் சாயம்.

“அத்தை, இதுங்க!” என்று அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

அத்தை அதை ஒரு கையில் தூக்கிப் பார்த்தாள். “அழகுதான் கண்ணு. பாதிக் குளம் தாண்டறதுக்குள்ள தோள் எறங்கிப் போயிரும்.”

இரண்டாவதை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். காம்பும் அலகும் சேரும் இடத்தில் மரத்தில் ஒரு கணு இருந்தது. தண்ணீரை இழுத்தால் அங்கேதான் ஒடியும் என்று வைத்துவிட்டாள். மூன்றாவது பூவரச மரத்தில் செய்தது, குட்டையாக, கல்யாணச் சமையல் கரண்டி மாதிரி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு இழைப்புத் தூளுக்கு நடுவில் குத்தவைத்து உட்கார்ந்து, இல்லாத தண்ணீரைத் தன் பக்கமாக இழுத்துப் பார்த்தாள். தச்சர் துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அத்தை அதையெல்லாம் சட்டை செய்கிற ஆளில்லை. புடவைத் தலைப்பிலிருந்து கம்பெனிக் கழிவு நூல் ஒன்றை அவிழ்த்து, துடுப்போடு வைத்துப் பார்த்தாள். அதில் ஒரு முடிச்சு இருந்தது. துடுப்பு முடிச்சுக்குச் சரியாக வந்தது.

“உங்க ஒசரத்துக்கு இது பத்தாதுங்க அம்மிணி. குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போயிரும்” என்றார் தச்சர்.

“எனக்கு இல்லீங்க” என்றாள் அத்தை.

வீட்டில் அம்மா ஆவலாகக் காத்திருந்தாள். அதற்குக் காரணம் இருந்தது. முந்தின நாள் அத்தை அம்மாவைக் குத்தவைக்கச் சொல்லி நூலால் அளவெடுத்திருந்தாள். பனியன் கம்பெனிக்காரி அளவெடுத்தால் ரவிக்கைக்குத்தான் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள்.

“துணி எடுத்தாச்சா அம்மிணி?”

அத்தை துடுப்பை அம்மா கையில் வைத்தாள். “அளவு சரியா இருக்குதுங்களா நங்கையா?” அண்ணியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அம்மா அத்தையின் தோளுக்குத்தான் இருப்பாள். கணுக்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் முருகனைக் கூப்பிடுகிறவள். துடுப்பைச் சுடுபாத்திரம் மாதிரிக் கீழே போட்டாள். “எனக்கு எதுக்கு இது? நீதான் இருக்கறயே!”

“நான் இருட்டுல கெளம்பிப் போறவ. இவளப் பள்ளிக்கோடம் கொண்டுபோய் உடறது ஆருங்க? இந்த வருசமும் மூணாப்புலயே உக்காரட்டுங்களா?”

அம்மா குனிந்து துடுப்பை எடுத்துச் சுவரோரம் சாய்த்துவைத்தாள்.

அத்தை முதலில் தானே போட்டுப் பழகினாள். அந்தக் குட்டைத் துடுப்போடு அவள் முதுகு வளைந்து போவதைப் பார்த்துக் கரையில் நின்றவர்கள் கிண்டல் செய்தார்கள். ஆனால் சில நாட்களிலேயே பரிசல் அவள் சொன்னபடி கேட்டது. பிறகு அம்மாவை உட்கார வைத்தாள். பரிசல் ஆட்டுக்கல் குழவி மாதிரி நின்ற இடத்திலேயே சுற்றியது. அத்தை மார்பளவுத் தண்ணீரில் நின்று விளிம்பைப் பிடித்துக்கொள்வாள். “பக்கத்துல போடாதீங்க நங்கையா, முன்னால போட்டு இழுங்க” என்பாள். ஒரு தடவைகூடக் கோபித்துக்கொண்டதில்லை.

அந்த நாட்களில் வெள்ளகோவிலில் இருந்து ஒரு தரகர் வந்து வந்து போனார். அத்தையைப் பெண் கேட்டிருந்தார்கள். நல்ல இடம் என்று அப்பா ஒவ்வொரு வாரமும் கெஞ்சுவார். “பாக்கலாமுங்கண்ணா” என்பதோடு அத்தை எழுந்துவிடுவாள். எனக்குத் தரகர் கொண்டுவரும் முறுக்கு மட்டும்தான் விஷயம்.

அம்மா இரண்டு தடவை துடுப்பைக் கரையில் வீசிவிட்டு வீட்டுக்கு நடந்தாள். இரண்டு தடவையும் அழுது அடம்பிடித்துத் திரும்ப இழுத்து வந்தது நான்தான். அம்மா பத்தடி நேராகப் போனால் போதும், கரையில் குதித்துக் கைதட்டுவேன். அம்மா கற்றுக்கொள்ள வேண்டும் என்று என்னளவுக்கு அவசரப்பட்டவர்கள் யாருமில்லை.

கடைசியில் ஒரு நாள் அம்மா என்னை உட்காரவைத்துத் தனியாகவே அக்கரைக்குக் கொண்டுபோனாள். போய்ச் சேர்ந்ததும் இறங்காமல் அப்படியே உட்கார்ந்து சிரித்தாள். அம்மா அவ்வளவு சத்தமாகச் சிரிப்பாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பிறகு திருப்பிக்கொண்டு வந்தாள். அத்தை தண்ணீருக்குள் இறங்கவே இல்லை. கரையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அன்று சாயங்காலம் அப்பா வந்திருந்தார். சாப்பாடு ஆனதும் அத்தை, “வெள்ளகோவில்காரங்கள வரச் சொல்லுங்கண்ணா” என்றாள்.

அப்பா வாயைத் திறந்தபடி பார்த்தார். அம்மாவுக்கு மட்டும் சட்டென்று புரிந்துவிட்டது போலிருக்கிறது. கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு, “இதுக்குத்தானா அம்மிணி எனக்குத் துடுப்புப் போடப் பழக்குனே?” என்று கேட்டாள். அத்தை தலையைக் குனிந்துகொண்டாள்.

வருகிறவர்களை அம்மாதான் பரிசலில் கூட்டிவர வேண்டும், முன்னால் நான்தான் உட்காருவேன் என்று நான் குதித்தேன். யாரும் சிரிக்கவில்லை. அத்தை என்னை இழுத்து மடியில் வைத்து இறுக்கிக்கொண்டாள். மூச்சு முட்டுகிறது என்று திமிறி இறங்கி, பரிசலைக் கழுவப் போகிறேன் என்று குளத்துக்கு ஓடினேன்.