ஒரு மூலிகைக் குளிசைக்காகப் பேசப் போனேன்

புற்றுநோய்க்கான கீமோ முடிந்து வெள்ளவத்தை வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் கால் எரியத் தொடங்கியது. சீமெந்துத் தரை சுடுகிறது என்று நினைத்தேன். தங்கை சுதா வெறுங்காலோடு நின்று பார்த்தாள். "குளிராத்தானே கிடக்கு, அக்கா."

இருந்தால் எரிந்தது. நடந்தால் பஞ்சில் மிதிப்பதுபோல் இருந்தது. இருப்பதும் எழும்புவதுமாகவே பொழுது போனது. நியூரோபதி (நரம்புகள் பழுதுபட்டு உணர்வு மாறுதல்) என்றார்கள். வழக்கமான குளிசைகள் எனக்குத் தலைசுற்றலைத்தான் தந்தன.

அப்போதுதான் என்னைப் பார்த்துவந்த டொக்டர் மீரா ஒரு மூலிகைச் சாற்றுக் குளிசையை முதற்கட்டமாகச் சிலருக்குக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கியிருந்தார். "குணமாக்குமா எண்டு பாக்கிறதுக்கு இல்லை. உடம்பு தாங்குமா எண்டு பாக்கத்தான்," என்றார். எனக்கோ குணம் என்ற சொல் மட்டுமே காதில் விழுந்தது. சேர்ந்தேன்.

சில கிழமைகளில் எரிச்சல் குறைந்தது. கொழும்புக் காலி வீதியில் ஒரு கடை வாசலில் அசையாமல் நின்று செருப்புப் பார்த்தேன்.

பிறகு ஈரல் நொதிகள் (ஈரல் பாதிக்கப்பட்டால் இரத்தத்தில் கூடுபவை) ஏறின. குளிசையை நிறுத்தினார்கள். ஈரல் தேறியது, எரிச்சல் திரும்பி வந்தது.

செலவை ஏற்றிருந்த மூலிகைக் கம்பனி அத்தோடு விலகிக்கொண்டது. கொட்டாஞ்சேனையில் வியாபாரிகள் சிலர் நடத்தும் நிதியத்திடம் டொக்டர் உதவி கேட்டார். மருந்து எடுத்த ஒருவரும் வந்து பேசட்டும் என்றார்கள்.

ஓட்டோவில் சுதா கெஞ்சிக்கொண்டே வந்தாள். "கால் சுகமாச்சு எண்டு மட்டும் சொல்லுங்கோ. ஈரல் கதையைச் சொன்னா ஒருத்தரும் தரமாட்டினம். பிறகு உங்களுக்கு எங்கால மருந்து?"

கூட்டத்தில் என்னால் இருக்க முடியவில்லை. கதிரையைப் பிடித்துக்கொண்டு கால் மாற்றி மாற்றி நின்றேன். முன்னால் இருந்த நிதியத் தலைவர் ஹாஜியார் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மருந்து வேல செஞ்சதா, இல்லயா?"

"எனக்குக் குறைஞ்சது. மருந்தாலதான் எண்டு சத்தியம் பண்ண ஏலாது. ஈரலும் பழுதாகப் பாத்தது. அதையும் தெரிஞ்சுகொண்டு முடிவெடுங்கோ."

சுதா தலையைக் குனிந்துகொண்டாள். ஹாஜியார் டொக்டரிடம் திரும்பினார். "அப்ப ஈரலுக்குப் பாதகமில்லாத அளவு எதுண்டு பாக்கத்தானே சல்லி கேக்கிறீங்க?"

"ஓம் ஹாஜியார். அதுக்குத்தான்."

கொடுத்தார்கள். குறைந்த அளவில் புதிய பரிசோதனை தொடங்கியது. ஆனால் ஒருமுறை ஈரல் பாதித்தவரைச் சேர்க்க முடியாது. டொக்டர் அதைச் சொன்னபோது சுதா கோபத்தில் அழுதாள். எனக்கும் கோபம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

இதே எரிச்சலோடு வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: மூலிகைதானே என்று நினைத்து, டொக்டருக்குச் சொல்லாமல் எதையும் குடிக்காதீர்கள்.

இப்போதும் ஒரு இடத்தில் இருக்க மாட்டேன். புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. மாதத் தொடக்கத்தில் ஈரலைச் சோதிக்க அவர்களுக்கு இரத்தம் எடுப்பார்கள் என்று மட்டும் தெரியும். அந்த நாள் நெருங்கும்போது என் கை தானாக வலது விலாவுக்குக் கீழே போய் நிற்கிறது. எனக்கு மாதம் அங்கேதான் தொடங்குகிறது.