இடது பக்கம் இழுத்த ஜாக்கெட்

என் கடையில் தைத்த ஜாக்கெட் ஆல்ட்ரேஷனுக்குத் திரும்பி வராது. திமிராகப் பேசுகிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். கோரமண்டல் ஸ்டேஷன் ரோட்டில் முப்பது வருஷமாக மிஷின் போட்டிருக்கிறேன். பங்காருபேட்டையிலிருந்துகூட ரயிலேறி வந்து துணி கொடுக்கிறார்கள். டெய்லர் மல்லிகா என்றால் கழுத்து இறங்காது, தோள் நழுவாது, சொன்ன தேதிக்கு பீஸ் ரெடி.

தையல் வகுப்பு நடத்தும் டீச்சர் ஒருவர், புதிதாகத் தொழிலுக்கு வரும் பெண்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றார். கட்டிங் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் முதலில் செல்வியின் ஜாக்கெட்தான் ஞாபகத்துக்கு வந்தது. இதைச் சொல்லாமல் கட்டிங் சொல்லி என்ன பிரயோஜனம்? செல்வியிடம் கேட்டேன். “பேரோட எழுதுக்கா” என்றாள்.

1. அளவு ஜாக்கெட்

எங்கள் ஊர்ப் பெண்களில் பாதிப் பேர் விடியற்காலை ரயிலில் பெங்களூர் வேலைக்குப் போகிறவர்கள். திரும்பும்போது கடை மூடியிருக்கும். அதனால் பழைய ஜாக்கெட் ஒன்றைப் புதுத் துணியோடு பையில் போட்டு, பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்புவார்கள். அதுதான் அளவு. ஆளைப் பார்க்காமலே வருஷக்கணக்கில் தைப்பேன். செல்விக்கும் அப்படித்தான். பெங்களூரில் ஒரு ஆபீஸில் காண்ட்ராக்டில் ஹவுஸ்கீப்பிங் வேலை. புருஷன் இல்லை. ஒரே மகள் தீபாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, மாப்பிள்ளை வீட்டார் எடுத்துக் கொடுத்த பட்டில் தனக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருந்தாள்.

தைத்து அனுப்பினேன். திரும்பி வந்தது. இடது பக்கம் இழுக்கிறதாம். மார்புப் பக்கத்து டார்ட் மடிப்பை லூசாக்கிக் கொடுத்தேன். மறுபடியும் வந்தது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. மல்லிகா கட்டிங்கில் இழுப்பா?

“ஞாயித்துக்கிழமை நீயே நேர்ல வாடி. போட்டுக் காட்டு. தப்பு என்னுதா உன்னுதான்னு பாத்துடலாம்” என்று போனில் கத்தினேன்.

வந்தாள். திரைக்குப் பின்னால் ஜாக்கெட்டைப் போட்டுக் கையைத் தூக்கச் சொன்னேன். அளவு சரிதான். ஆனால் தைத்த கோடு உட்கார வேண்டிய இடத்தில் உட்காரவில்லை. கழற்றச் சொன்னேன். கை தூக்கும்போது இடது மார்பில் ஒரு இடத்தில் தோல் உள்ளே குழிந்தது. இழுக்கிற இடம் அதுதானா என்று பார்க்க விரலை வைத்தேன். புளியங்கொட்டை மாதிரி கெட்டியாக ஒன்று விரலுக்கு அடியில் நின்றது.

“இன்னாடி இது?”

“அதுவா? கொஞ்ச நாளா கீதுக்கா. வலியே இல்ல. எக்ஸ்ரே எடுத்துட்டேன். கிளியர்னு சொல்லிட்டாங்க.”

எங்கள் ஊரில் இதுதான் வழக்கம். அப்பன், மாமன் எல்லாரும் தங்கச் சுரங்க ஷாஃப்ட்டில் இறங்கித் தூசி தின்றவர்கள். நெஞ்சில் எது என்றாலும் எக்ஸ்ரே. ஃபிலிம் சுத்தம் என்றால் ஆள் பிழைத்தான் என்று அர்த்தம். செல்வியும் இருமல் என்று சொல்லி ஒரு எக்ஸ்ரே எடுத்து, அந்த ஃபிலிமைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். மார்பைப் பற்றி யாரிடமும் வாயே திறக்கவில்லை. கிளியர் என்றதும் எனக்கும் ஒரு நிமிஷம் தெம்பு வந்தது என்னவோ நிஜம். ஆனால் ஃபிலிம் கிளியர் என்றால் ஜாக்கெட் ஏன் இழுக்கிறது?

“இது வேற, செல்வி. கையால பாக்கற டாக்டர் யார்கிட்டயாவது காட்டணும்.”

“நான் போவாமயா இருந்தேன்? ஆபீஸ் பக்கத்துல ஒரு ஸ்கேன் சென்டர் படி ஏறினேன். மொத கேள்வியே இன்சூரன்ஸ் கீதான்னு கேட்டாங்க. அப்பிடியே எறங்கி வந்துட்டேன். அதெல்லாம் கார்டு வச்சிகினு கீறவங்க போற எடம்க்கா. கல்யாணம் முடியட்டும், பாத்துக்கலாம்.”

2. ஸ்டூலில் உட்கார்ந்தது

சொல்லிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். அவள் ஜாக்கெட்டைக் கேட்டாளே தவிர வேறு பேச்சில்லை. அந்த நேரம் பார்த்துக் கடைக்குள் நாலைந்து பெண்கள் வந்துவிட்டார்கள். நான் அந்தப் பட்டு ஜாக்கெட்டை மடித்து மிஷின் ஸ்டூலில் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.

“பீஸ் கெடையாது. நான் சொன்னத நீ செய். நீ கேட்டத நான் தரேன்.”

“இன்னாக்கா அநியாயம்! என் துணி அது! சம்பந்தி வூட்டுப் பட்டு!”

“இருக்கட்டும்.”

“ஊரெல்லாம் சொல்லுவேன், டெய்லர் மல்லிகா துணிய தரமாட்டேன்றான்னு!”

“சொல்லு. மைக் வச்சி சொல்லு.”

அழுதுகொண்டே போய்விட்டாள். கடையில் இருந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். ஏன் என்று கேட்டார்கள். நான் என்ன சொல்வது? ஒரு பெண்ணின் உடம்பு விஷயத்தைக் கடைத்தெருவில் வைக்க முடியுமா? வாயை மூடிக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் செய்தி பரவிவிட்டது. மல்லிகா பட்டை ஏறுமாறாக வெட்டித் தொலைத்துவிட்டாள், அதனால்தான் வெளியே எடுக்க மாட்டேன் என்கிறாள். முகூர்த்த சீசனில் இரண்டு பேர் கொடுத்த துணியை வெட்டுவதற்கு முன்பே திருப்பி வாங்கிப் போனார்கள். முப்பது வருஷப் பேர் அது. ஆனாலும் ஜாக்கெட்டைப் பீரோவில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

ஒருநாள் காலையில் ரயிலுக்குப் போகாமல் செல்வி என் கடை வாசலில் வந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

“துணிய கெடுத்துட்டேன்னு ஊரே பேசுது. ஏன்க்கா நீ உண்மைய சொல்லல?”

“அது உன் விஷயம். நான் யாரு சொல்றதுக்கு?”

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அப்புறம், “இன்னா பண்ணணும் சொல்லு, வரேன்” என்றாள்.

3. ரேஷன் கார்டு

கடையைச் சாத்திவிட்டு முதலில் எங்கள் ஊர் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். லேடி டாக்டர் கையால் தொட்டுப் பார்த்தார். செல்வி எக்ஸ்ரே ஃபிலிமை நீட்டினாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. “இது நுரையீரலுக்கும்மா. மார்புக் கட்டிக்கு வேற ஸ்கேன், ஊசி டெஸ்ட்டு. வலி இல்லன்னு விடக்கூடாது” என்று பொறுமையாகச் சொல்லி, பெங்களூர் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அதே விடியற்காலை ரயில். தினமும் வேலைக்குப் போகிற ரயிலில் அன்றைக்கு அவள் என் கையை விடவே இல்லை. கவுன்ட்டரில் கூட்டம். எங்கள் முறை வந்ததும் செல்வி தானாகவே முந்திக்கொண்டு, “எங்களுக்கு இன்சூரன்ஸ் இல்லீங்க” என்றாள், குற்றம் செய்தவள் மாதிரி. உள்ளே இருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கன்னடத்தில் கேட்டாள்: “ரேஷன் கார்டு இதியா?”

இருந்தது. ஆதார் கார்டும் இருந்தது. அவ்வளவுதான் கேட்டார்கள்; அந்தக் கார்டு இருந்தால் செலவைச் சர்க்காரே பார்த்துக்கொள்ளுமாம். இதற்காகவா இத்தனை நாள் பயந்தோம் என்று செல்வி அங்கேயே தலையில் அடித்துக்கொண்டாள். கால் கடுக்க நிற்க வேண்டியிருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். மறுபடி மறுபடி போக வேண்டியிருந்தது. ஆனால் ஸ்கேனும் நடந்தது, ஊசி டெஸ்ட்டும் நடந்தது. ரிசல்ட் வந்தபோது அது நாங்கள் பயந்த அதே கேன்சர்தான். சின்னது, பரவவில்லை, சீக்கிரம் வந்துவிட்டீர்கள் என்றார் டாக்டர். செல்வி என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன். வெட்கம் என்ன இதில்?

கல்யாணத்தைத் தள்ளி வைத்தார்கள். சம்பந்தி வீட்டார் முகம் சுளிக்கவில்லை, நல்ல மனுஷர்கள். ஆபரேஷன் முடிந்து புண் ஆறியதும் நானே வீட்டுக்குப் போய் உடம்பில் டேப் வைத்துப் புது அளவு எடுத்தேன். பீரோவில் இருந்த அதே பட்டைப் பிரித்து, தழும்பு மேல் தையல் படாமல், உள்ளே மெத்தென்ற காட்டன் லைனிங் கொடுத்து, இரண்டு பக்கமும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி தைத்தேன். என் கையால் அதைவிட நல்ல ஜாக்கெட் வந்ததில்லை.

அதைப் போட்டுப் பார்க்கக் கடைக்கு வந்தாள். அன்றைக்கும் கடை நிறையப் பெண்கள். பட்டைக் கெடுத்தேன் என்று துணியைத் திருப்பி வாங்கிப் போன ஒருத்தியும் நின்றிருந்தாள். செல்வி திரையை விலக்கிக்கொண்டு, ஜாக்கெட்டோடு நடுக்கடையில் வந்து நின்றாள்.

“எல்லாரும் நல்லா பாருங்க. அக்கா துணிய கெடுக்கல. எனக்கு மார்ல கட்டி இருந்திச்சு. கேன்சர் கட்டி. அத நான் டாக்டர்கிட்ட காட்டணும்னுதான் இவ ஸ்டூல் மேல ஒக்காந்துகினு இருந்தா. சொல்லுங்க பாக்கலாம், எந்தப் பக்கம் ஆபரேஷன்?”

யாராலும் சொல்ல முடியவில்லை. எங்கள் தெருவில் அந்த வார்த்தையை ஒரு பெண் சத்தமாகச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது, கண்ணும் நிறைந்தது.

துணியைத் திருப்பி வாங்கிப் போனவள் அதே பையோடு வந்திருந்தாள். உள்ளேயிருந்து பட்டுத் துணியை எடுத்தாள். கூடவே இருந்த அளவு ஜாக்கெட்டையும் எடுத்தாள். அதை மட்டும் மறுபடி பைக்குள்ளேயே வைத்துவிட்டு என் காதருகே வந்து, “யக்கா, எனக்கும் நேர்லயே அளவு எடுக்கிறியா? ஒண்ணு காட்டணும்” என்றாள்.

டேப்பை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனேன்.